ஓடாத வண்டிக்கு நஷ்டஈடு

பீளமேடு,
20-10-1961

மதிப்பிற்குரியவருக்கு,

ராமாமணி எழுதிக்கொள்வது. இரண்டு வருஷமாக எழுதாதவள் எழுதுகிறாளே என்று கலங்க வேண்டாம். அம்மா சௌகரியமாக இருக்கிறாள், நானும் இருக்கிறேன். அடிபட்டது வண்டிக்கு.

நேற்று முன்தினம் ஆயுத பூஜை. விளக்கு வைக்கும் நேரத்தில், வீட்டுக்கு முன்னால் தெருவோரம் நின்றிருந்த நம் லேண்ட்மாஸ்டர் கார் மீது ஒரு பஞ்சு லாரி மோதிவிட்டது. 'நம்' என்று எழுதிய பிறகுதான் யோசித்தேன். அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

வலது பக்கக் கதவு இரண்டும் உள்ளே போய்விட்டன. பின் மட்கார்டு அப்பளம் போலச் சுருண்டிருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. லாரி, அன்னூர் பொங்கியண்ணன் என்பவருடையது. அதை ஓட்டி வந்த டிரைவர் சென்னிமலை ஓடிப்போகவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா அவருக்கு மோரும், பூஜைக்கு வைத்த பொரிகடலையும் கொடுத்தாள்.

பொங்கியண்ணன் மறுநாள் காலையிலேயே வந்தார். "தப்பு எங்க மேலதானுங்க அம்மணி. லாரி மூஞ்சிக்கு ரெண்டு பக்கமும் வாழக்கன்னு கட்டியிருந்ததுல பையனுக்கு ஓரம் தெரியலைங்க. எங்க லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்க. நீங்க கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க, குடுப்பாங்க" என்றார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்து, "இல்லீனா இன்னொண்ணு சொல்றனுங்க. ஓடாத வண்டிதானுங்களே. இப்படியே ஒரு வெலை பேசி எனக்கே குடுத்துப்போடுங்க. கம்பெனிக்கு எழுதற ரோதனையும் இல்லைங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வண்டியைப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு என் நைனா வாங்கித் தந்ததுதான் என்றாலும் வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது. நஷ்டஈடு கேட்பதானாலும், விற்பதானாலும் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். சரி செய்து வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? எதுவானாலும் ஒரு வரி போதும். அத்தைக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
ராமாமணி


உடுமலைப்பேட்டை,
25-10-1961

ராமாமணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஜின்னிங் பாக்டரிக்கு வந்த தபாலோடு கணக்குப்பிள்ளை கொடுத்தார். கவரின் மேல் உன் எழுத்து. அங்கே பிரிக்கவில்லை. சாயங்காலம் வரை சட்டைப் பையிலேயே இருந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத, கீழே கையெழுத்து மட்டும் போட்டு ஒரு தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே வேண்டியதை நீ எழுதிக்கொள். என் இங்கிலீஷைவிட உன் இங்கிலீஷ் நன்றாக இருக்கும்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறாய். உன் நைனா கொடுத்த வண்டி. நான் சொல்ல என்ன இருக்கிறது? உன் இஷ்டம்.

ஒன்று மட்டும் எழுது. ஷெட்டில் இருந்த வண்டி எப்படித் தெருவுக்கு வந்தது? யார் ஓட்டியது?

இங்கே மழை உண்டு. அமராவதி அணையில் தண்ணீர் நன்றாக ஏறியிருக்கிறது. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சுந்தரராஜுலு


பீளமேடு,
30-10-1961

உடுமலைப்பேட்டையில் இருப்பவருக்கு,

"உன் இஷ்டம்" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போனபோதும் இதைத்தான் சொன்னீர்கள். அன்று அது சந்தோஷமாக இருந்தது. இன்று, கதவைத் தட்டியவளிடம் "வீட்டில் யாரும் இல்லை" என்று உள்ளேயிருந்தே சொன்னது போல இருக்கிறது.

வண்டியை யாரும் ஓட்டவில்லை. தள்ளினோம்.

நீங்கள் விட்டுப்போன பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்மா அதை ஷெட்டிலிருந்து தெருவுக்குத் தள்ளச் சொல்வாள். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைப்பாள். மற்ற வண்டிகளெல்லாம் பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வரும். நம் வண்டி நகராது. பூஜை செய்ததை விஜயதசமிக் காலையில் மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது என்பதால் இரவு தெருவிலேயே நிற்கும். மறுநாள் பழத்தை முழுசாக எடுத்து அம்மா ஊறுகாய் போட்டுவிடுவாள். இப்படி இரண்டு வருஷ ஊறுகாய் சாப்பிட்டாயிற்று.

இந்த வருஷம் லாரி இடித்த வேகத்தில் வண்டி ஒரு முழம் முன்னால் போயிற்று. நாலு பழமும் நசுங்கின. அம்மா ஓடிவந்து கதவைப் பார்க்கவில்லை, குனிந்து டயரைத்தான் பார்த்தாள். "பழம் நசுங்கிருச்சு கண்ணு! திருஷ்டி கழிஞ்சுது, போ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் நான் சிரித்து வெகுநாளாகிறது. அப்புறம் உள்ளே போனதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

கம்பெனிக்கு எழுதிப் போட்டதும் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். இளவயசு, குடையும் பையுமாக. நம் வண்டியின் இன்சூரன்ஸைக் காட்டச் சொன்னார். போன வருஷம் கம்பெனி தபாலில் அனுப்பி, அம்மா வண்டியின் முன் டிராயரில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அது மார்ச் மாதத்தோடு முடிந்துபோயிருந்தது. அவர்தான் தேதியைக் காட்டினார். "இன்சூரன்ஸ் இல்லாத வண்டிங்களாம்மா? ஓடவும் ஓடாது? அப்ப எதுக்குங்க இது இங்க நிக்குது?" என்றார். நக்கலில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "மாப்பிள்ளை விட்டுப்போட்டுப் போனாருங்க" என்றாள். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் வந்து சொல்ல வேண்டும், பதினோராம் தேதி மறுபடி வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை எங்கள் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டு, பஸ்ஸேறிப் போன அன்றே அம்மா சொன்னாள், "சீரைத் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாரு" என்று. நான் நம்பவில்லை. வருவார், அழைத்துப் போவார், அதற்குத்தான் வண்டி நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாடியில் எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் தெருவில் ஏதாவது சத்தம் கேட்டால் பக்கம் மறந்துபோகும். இப்போது அந்தத் தேதியைப் பார்த்த பிறகு, அம்மா சொன்னது சரிதானோ என்று தோன்றுகிறது. வேண்டியதற்குத்தானே இன்சூரன்ஸ் கட்டுவார்கள்?

எதற்காக நிற்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். அவரிடம் சொன்னாலும் சரி.

ராமாமணி


உடுமலைப்பேட்டை,
4-11-1961

ராமாமணிக்கு,

பதினோராம் தேதி நானே வருகிறேன். இன்ஸ்பெக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்சூரன்ஸ் கட்டாதது உண்மை. மறந்துபோய் விட்டது இல்லை. காரணத்தை எழுத உட்கார்ந்தால் பாக்டரிக் கடிதம் மாதிரி வருகிறது. கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தீபாவளிக்குத் தேங்காய் இரண்டு மூட்டை பாக்டரி லாரியில் அனுப்பியிருக்கிறேன். லாரிக்காரனிடம் உங்கள் தெருவில் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன்.

சுந்தரராஜுலு


உடுமலைப்பேட்டை,
13-11-1961

அன்புள்ள மணி,

நான் வந்து போனது உனக்குத் தெரிந்திருக்கும். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்கள் போலிருக்கிறது, வெளிக்கதவு சாத்தியிருந்தது. இன்ஸ்பெக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து வண்டிக்குள் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். உள்ளே சந்தன வாசம். ஸீட்டு முன்னால் தள்ளி, உன் காலுக்கு எட்டும்படி நான் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. எனக்கு முட்டி இடித்தது. ஆனாலும் அதை நான் பின்னால் தள்ளவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். "சார், இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய ரோட்டுல நிறுத்தினதே தப்பில்லீங்களா?" என்றார்.

"தப்புத்தானுங்க. அதுக்கு அபராதம் போடறவங்க போடட்டும், கட்டிக்கிறேன். அதுக்காக நின்ன வண்டி மேல வந்து மோதினது இல்லைன்னு ஆயிருமாங்க?" என்றேன். சிரித்துவிட்டார். அளவெடுத்தார், எழுதிக்கொண்டார். கடைசியில் உன்னிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டார், எதற்கு நிற்கிறது என்று.

"என்ற சம்சாரம் எங்க ஊட்டுக்கு வாரதுக்குங்க."

"ரெண்டு வருஷமாவா சார்?"

"ஆமாங்க."

"டிரைவர் யாருங்க?"

"அவங்களேதானுங்க."

அவர் பேனாவை மூடிவிட்டார். "இதை எழுதிக்க எங்க ரிப்போர்ட்டுல எடமில்லீங்க" என்று கையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முன்பின் தெரியாத அவரிடம் சொல்ல முடிந்தது உன்னிடம் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அணை ரோட்டில் விடியற்காலையில் உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தது நினைவிருக்கிறதா? முன்னால் போவது நன்றாகவே வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் வரவில்லை. நீ கர்ப்பமானதும் நிறுத்திவிட்டோம். பிறகு பெயர் வைக்கும் முன்பே குழந்தை போனது. நீ பேசுவதை விட்டுவிட்டாய். புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கம் புரட்டாமல் உட்கார்ந்திருப்பாய். அம்மா தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டாள், நான் பாக்டரிக்குப் போய்விட்டேன். அங்கே மெஷின் சத்தத்தில் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. நீ எங்கே போனாய் என்று நான் பார்க்கவில்லை.

உன் அம்மாவிடம் கொஞ்ச நாள் இருந்தால் தேறுவாய் என்றுதான் அழைத்து வந்தேன். நான் கூப்பிட வந்தால் நீ மறுக்க மாட்டாய். மனசு வராவிட்டாலும் எழுந்து, புடவையை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிடுவாய். அப்படி நீ வர வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் வண்டியை விட்டேன், சாவியை விட்டேன். உனக்குத் தோன்றுகிற அன்று நீயே வருவாய் என்று. இதை வாயால் சொல்லியிருக்கலாம். சாவியை ஆணியில் மாட்டினால் உனக்குப் புரிந்துவிடும் என்று எண்ணினேன். அதற்குச் சீரைத் திருப்பியதாக ஓர் அர்த்தம் உண்டு என்பது உன் கடிதம் வரும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் வருஷம் இன்சூரன்ஸ் கட்டினேன். இந்த மார்ச்சில் மறுபடி நோட்டீஸ் வந்தது. பணம் கட்டினால், இன்னும் ஒரு வருஷம் நீ அங்கேயே இருப்பாய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்று பட்டது. நோட்டீஸை மேஜையில் போட்டேன், வாரம் போயிற்று, மாதம் போயிற்று. காரணம் இவ்வளவுதான்.

உன் முதல் கடிதத்தில் வண்டி தெருவில் நின்றது என்று படித்ததும் அதே வரியை இன்னொரு தடவை படித்தேன். நீ எடுத்து ஓட்டத் தொடங்கிவிட்டாய் என்று நினைத்தேன். யார் ஓட்டியது என்று கேட்டது அதனால்தான்.

இன்ஸ்பெக்டர் போன பிறகும் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கதவு திறக்கவில்லை. பொள்ளாச்சி பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

சுந்தரம்


உடுமலைப்பேட்டை,
28-11-1961

அன்புள்ள ராமாமணிக்கு,

என் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. வண்டியை அன்னூர்க்காரருக்கே கொடுப்பதென்று நீ முடிவு செய்திருந்தாலும் எனக்குச் சம்மதம். தெரிவித்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி. தபால் கார்டில் எழுதுவதால் இவ்வளவுதான்.

சுந்தரராஜுலு


பீளமேடு,
11-12-1961

பாவா,

முன்பு உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இந்தச் சொல்லை எழுதிப் பார்த்து, ஒரு நாள் முழுக்க மேஜைமேல் வைத்திருந்து, பிறகு மற்றதை எழுதுகிறேன்.

அன்று கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. நான் மாடியில் ஜன்னல் பக்கத்தில் நின்றிருந்தேன். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனையில் திரும்பியதிலிருந்து பார்த்தேன். காதோரம் நரை விழுந்திருக்கிறது. இடப்பக்கமாக ஏறிக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஸீட்டைத் தள்ளிக்கொள்ளாமல் ஏன் இப்படி அவஸ்தைப்படுகிறார் என்று நினைத்தேன். நீங்கள் உள்ளே வந்து "மணி" என்று கூப்பிடுவீர்கள் என்று நான் நின்றேன். கதவு திறக்கும் என்று நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் போன பிறகு கீழே வந்து வண்டிக்குள் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கில் உங்கள் கைச்சூடு இருக்கும் என்று நினைத்தேன். வெயில் சூடுதான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. உங்கள் கடிதத்துக்குப் பதிலைக் காகிதத்தில் எழுதினால் அதுவும் இன்னொரு காத்திருப்பாகிவிடும் என்று பயந்தேன். முதலில் ஒரு காரியம் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நின்ற வண்டிமேல் தவறில்லை, இன்சூரன்ஸ் இல்லாதது வேறு விஷயம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு கதவுக்கும் மட்கார்டுக்கும் கொடுத்தார்கள். என்ஜினுக்கும் பாட்டரிக்கும் கொடுக்கவில்லை. அவை லாரி இடித்துக் கெட்டவை அல்லவாம், சும்மா நின்று கெட்டவையாம். அதற்கு நஷ்டஈடு கேட்க இடமில்லை. படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன், "நியாயந்தானே" என்றாள்.

பொங்கியண்ணன் ஒருநாள் வந்து, "என்னங்க அம்மணி, குடுக்கற மாதிரி உத்தேசம் உண்டுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, எங்களுக்கு வேணுமுங்க" என்றேன். எங்களுக்கு என்று சொன்னதை அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பட்டறை நசுருதீன் பாய்தான் சரி செய்தார். கதவுக்குப் பழைய பச்சை கிடைக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இளம்பச்சையாக, வாழைக்குருத்து மாதிரி இருக்கும். பார்த்ததும் முகம் சுளிக்காதீர்கள். அவரையே பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு வாரமாகக் காலையில் ஓட்டிப் பழகினேன். முதல் நாள் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. "அம்மணி, வண்டிய ஓட்டறீங்களா, தொட்டில் ஆட்டறீங்களா?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், அவருக்கு என்ன தெரியும்? ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். இரண்டு வருஷத்தில் நான் அழுதது அன்றுதான். அவர் இறங்கிப் போய், சுத்தமாக இருந்த முன்கண்ணாடியை நான் நிறுத்தும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் பழையபடி ஆகிவிட்டேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நாள் பேச மாட்டேன். அப்போது நீங்கள் பாக்டரிக்குப் போகக்கூடாது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லவில்லை. எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்ப மாட்டாளாம் அம்மா. சனிக்கிழமை மார்கழி பிறக்கிறது. ஆகவே வியாழக்கிழமை காலை புறப்படுகிறேன். பொள்ளாச்சி வரை நசுருதீன் பாய் கூட வருவார். அங்கிருந்து அவர் பஸ்ஸில் திரும்பிவிடுவார். கோமங்கலம் தாண்டி வரும் ரோட்டை நான் தனியாக ஓட்டிக்கொள்கிறேன். எதிரே வந்து நிற்க வேண்டாம். உங்களைப் பார்த்தால் பிரேக்குக்குப் பதில் வேறு எதையாவது மிதித்துவிடுவேன்.

டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க அம்மா இப்போதே வாங்கி வைத்துவிட்டாள். இந்தத் தடவை நானே நசுக்குவேன்.

இன்று இன்சூரன்ஸும் கட்டிவிட்டேன், உங்கள் பெயரில், ஒரு வருஷத்துக்கு. ஏஜெண்ட், "வண்டி வழக்கமா எங்கீங்க நிக்கும்?" என்று கேட்டார். "உடுமலைப்பேட்டையிலீங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வையுங்கள். ரிவர்ஸ் எனக்கு இன்னும் வரவில்லை.

உங்கள்,
மணி